எங்க காலத்துக் குற்றாலம்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் குற்றாலத்தை நிகழ்காலத்தில் புகழ்வதில்லை. வெளியூர்க்காரர் யாராவது "போன வாரம் குற்றாலம் போயிருந்தோம், அருமையா இருந்துச்சு" என்றால் பரிதாபமாக ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். "இப்ப என்ன சார் இருக்கு அங்க? எங்க காலத்துல பார்த்திருக்கணும்!" இந்த வசனத்தை நானும் தாராளமாகச் செலவழித்தவன்தான். தலை நரைத்தவனுக்குக் கைக்காசு இல்லாமல் கிடைக்கும் கௌரவங்களில் இதுவும் ஒன்று.

சிக்கல் என்னவென்றால், என் பெரியப்பாவும் இதையே சொன்னார். அவர் சொன்னது 1970களின் தொடக்கத்தில். நான் இன்றைக்கு 'எங்க காலம்' என்று மார்தட்டுகிறேனே, அதே காலத்தில். பேரருவிக்கு எதிரே நின்று நனைந்த வேட்டியை முறுக்கிப் பிழிந்தபடி, "இதெல்லாம் ஒரு குத்தாலமாலே? டி.கே.சி. இருந்தப்ப வந்திருக்கணும்" என்றார். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் காலமானது 1954இல். அவர் இருந்த நாளிலும் யாரோ ஒரு கிழவர் அந்தப் பாறையடியில் நின்று, "ஜமீன்தார்மார் பல்லக்குல வந்த காலத்துல பார்த்திருக்கணும்வே" என்று அலுத்துக்கொண்டிருப்பார். அதற்கு நான் சாட்சி தேடப் போவதில்லை. குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் காலம்வரை இந்தச் சங்கிலி நீளும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் காலம் ஒரு தபால் அட்டையில் தொடங்கும். தென்காசியில் இருந்த அத்தை ஆனி பிறந்ததும் எழுதுவாள்: "சாரல் ஆரம்பிச்சாச்சு. ஐந்தருவியில் தண்ணீர் பரவாயில்லை. பேரருவியில் இன்னும் இல்லை. வரவும்." வானிலை அறிக்கை அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் தூவி அனுப்புவதுதான் சாரல் என்று பள்ளிக்கூடத்தில் பின்னால் படித்தேன். அத்தைக்கு அந்தப் பூகோளம் தெரியாது. கொடியில் போட்ட துணி காயாவிட்டால் அட்டை எழுதிவிடுவாள்.

பெரியப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வருஷம் முழுக்கக் காய்ச்சல் வந்தாலும் லீவு போடாமல் சேர்த்துவைத்து, மொத்தத்தையும் குற்றாலத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். பள்ளிக்கூடம் திறந்திருக்குமே என்று கேட்பீர்கள். திறந்துதான் இருக்கும். எங்கள் கணக்கு வாத்தியாரை நான் முதன்முதலில் சட்டை இல்லாமல் பார்த்தது ஐந்தருவியில்தான். இரண்டு பேருமே லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியிருந்தபடியால் அதைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு மீட்டர் கேஜ். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று பேசிவிட்டுப் போகும் கரி எஞ்சின் ரயில். அரிசி மூட்டை, பம்ப் ஸ்டவ், நல்லெண்ணெய் டின், ஊறுகாய் ஜாடி, இரண்டு பாய், ஒரு பாட்டி. ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு இடம் பிடித்தவன் கண்ணில் கரித்தூளோடு இறங்குவான். தென்காசியிலிருந்து குதிரை வண்டி. மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடிக்கும், பெரியப்பா சட்டையைக் கழற்றிவிடுவார். அருவி இன்னும் இரண்டு மைல் இருக்கும்.

சீசனுக்கென்று வீட்டின் ஒரு பகுதியை ஒழித்து வாடகைக்கு விடுவார்கள். ஓட்டுக்கூரை ஒழுகும். கழிப்பறை என்று ஒன்று கிடையாது. மலையடிவாரம் தாராளமாகக் கிடந்தது. பாயில் படுத்தால் ஈரம் முதுகில் ஏறும். மூட்டைப்பூச்சியைப் பற்றி எழுத வேண்டாம் என்று என் தங்கை சொல்லியிருக்கிறாள். அவளுடைய நினைவில் அந்த வீட்டுக்கு நீலக் கதவும் வாசலில் பவளமல்லியும் மட்டும்தான் இருந்தன.

ஆனால் குளியல் இருந்ததே, அது குளியல். விடிவதற்கு முன்னால் "எந்திரிலே" என்று ஒரு தட்டு. வரிசையாக நிற்க வைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய். பெரியவர்களுக்குத் தேய்த்துவிட ஆட்கள் பாறைப் பக்கத்தில் காத்திருப்பார்கள். கல்லில் குப்புறப் படுக்கவைத்து அவர்கள் தட்டும் தட்டு தாளம் தப்பாமல் அருவிக்கரை முழுக்கக் கேட்கும். எண்ணெய் வழிய வழிய நடந்து பேரருவிக்குள் நுழைந்தால் சீயக்காய்க்கு வேலையே இல்லை. விழுகிற வேகமே எண்ணெயை எடுத்துவிடும்.

அந்த வேகமும் குறைத்துக் கொடுக்கப்பட்ட வேகம்தான். மேலேயிருந்து வரும் சிற்றாறு நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குடைவில் விழுந்து, அங்கே கொதித்துத் தணிந்து, பிறகு பாறையில் பரவி இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பேரருவி பார்ப்பதற்கு மட்டும்தான். அப்படித் தணிந்து வந்ததே முதல் நொடியில் ஒரு மூட்டை நெல்லை உச்சந்தலையில் கவிழ்த்த மாதிரி இருக்கும். மூச்சு நின்றுபோகும், காது அடைத்துவிடும். "தலையைக் குனிலே, வாயால மூச்சு விடுலே" என்று பெரியப்பா கத்துவது உதட்டசைவில்தான் தெரியும். பிறகு பழகிவிடும். பழகியபின் வெளியே வருவது எப்படி என்பதுதான் தெரியாது. யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். விரல் நுனி சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, பற்கள் தாமாகவே பேச ஆரம்பிக்கும்வரை நிற்கலாம்.

அப்புறம் பசி. சாதாரண நாளில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் பெரியம்மா அருவியில் நனைந்துவிட்டு வந்து தின்றதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று என்னை ஒருமுறை திட்டினாள். சாப்பாடு, தூக்கம், மறுபடி குளியல், மறுபடி பசி. மத்தியானம் மேலே செண்பகாதேவி அருவிக்கு ஏற்றம். சாயங்காலம் குற்றாலநாதர் கோயில், சித்திரசபையில் மூலிகைச் சாயத்தில் தீட்டிய சுவரோவியங்கள், வெளியே கடையில் மங்குஸ்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்த மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்து வியாபாரக் கணக்குப் போட்டான். நமக்கு மிஞ்சிய லாபம், வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத இந்தப் பழங்கள்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் என் காலத்துக்கு முழு வெற்றி. ஆனால் அந்தக் காலத்தில் பெண்கள் எப்படிக் குளித்தார்கள் என்று என் தங்கையைக் கேட்கக் கூடாது. உடை மாற்ற ஒரு மறைப்பு கிடையாது. ஈரப் புடவையோடு, கரையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை கண்களையும் தாண்டி, நடுங்கிக்கொண்டே வீடுவரை நடக்க வேண்டும். அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர்கள்தான் இன்றைக்கு "எங்க காலத்துல எவ்வளவு கட்டுப்பாடு" என்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. குற்றாலத் தண்ணீரில் நாற்பது நாள் குளித்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கையில், மனநோயாளிகளைச் சங்கிலியோடு அழைத்துவந்து அருவியில் நிற்க வைப்பார்கள். அவர்கள் அலறுவதும் அருவிச் சத்தத்தில் உதட்டசைவாகத்தான் தெரியும். நாங்கள் பக்கத்தில் நின்று குளித்தோம். யாருக்கும் அது காட்சியாகக்கூடப் படவில்லை. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த பிறகுதான் அந்தச் சங்கிலிகள் நாட்டின் கண்ணில் பட்டன. பெரியப்பாவின் பொற்காலத்திலும் என் பொற்காலத்திலும் அவை அங்கே கிடந்தவைதான்.

இனி இந்தக் காலம். இப்போது அத்தை இல்லை, அட்டையும் இல்லை. காலையில் கண் விழிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'குற்றாலம் இன்றைய நிலவரம்' வீடியோ வந்துவிடுகிறது. பேரருவியில் எவ்வளவு, ஐந்தருவியில் எத்தனை கிளை, பழைய குற்றாலத்தில் எவ்வளவு கூட்டம், எல்லாம் குரல் கொடுத்து விளக்கப்படும். அதைப் பார்த்துவிட்டு மருமகன், "மாமா, ஞாயிற்றுக்கிழமை காலைல கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். குற்றாலத்தில் எங்கே தங்குவது என்று கேட்டேன். என் மகள் என்னைக் கனிவோடு பார்த்தாள். "எதுக்குப்பா தங்கணும்? குளிக்கத்தானே போறோம்?"

போனோம். குளிர்சாதனக் கார். கண்ணாடி ஏற்றியே இருந்ததால் சாரல் எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது, அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். தென்காசி இப்போது ஒரு மாவட்டத்தின் தலைநகர், 2019இலிருந்து. தலைநகருக்குரிய போக்குவரத்து நெரிசலும் உண்டு. கடைசி ஐந்து கிலோமீட்டரைக் குதிரை வண்டி இதைவிட வேகமாகக் கடந்தது என்று சொல்ல வாயெடுத்து, மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஆர்ச்சுக்கு மேல தண்ணி" என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான் உச்சபட்சப் பாராட்டு. அபாயச் சங்கு ஊதியது. எல்லோரையும் வெளியேற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். இந்தக் கிண்டலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்: தண்ணீர் இல்லையென்றால் குளிக்க முடியாது, தண்ணீர் வந்தால் குளிக்க விட மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில், கோடை மழையில் திடீரென்று இறங்கிய வெள்ளம் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் சங்கு கிடையாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபோது எனக்குக் கோபம் வரவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் அருவிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். செல்ஃபிக்கு அப்படித்தான் நிற்க வேண்டுமாம். என் பேரனும் என்னைத் திருப்பி நிறுத்தினான். "தாத்தா, சிரிங்க." பின்னால் அவ்வளவு சத்தம் கேட்கும்போது திரும்பிப் பார்க்காமல் சிரிப்பது எளிய காரியமில்லை.

தடை நீங்கும்வரை ஐந்தருவிக்குப் போனோம். அங்கே வரிசை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, உடை மாற்ற அறைகளும் உண்டு; இதைச் சொல்லாமல் விட்டால் என் தங்கை பேச மாட்டாள். வரிசை நகர்ந்து, என் முறை வந்து, குனிந்து, காது அடைத்து, சரியாக அந்த 'பழகும்' கட்டத்துக்கு வருவதற்குள் விசில். "பெரியவரே, போதும், நகருங்க. அடுத்த ஆளு." அந்தக் காவலரைச் சொல்லிக் குற்றமில்லை. பின்னால் நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள், எல்லோரும் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

தலையில் எண்ணெய் இல்லாமல் நான் குற்றாலத்தில் குளித்தது அப்போதுதான். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. நியாயமான உத்தரவு, ஷாம்புப் பொட்டலங்கள் பாறையிடுக்கில் அடைத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. குற்றாலநாதர் முதலில் திருமாலாக நின்றவர் என்பது தலபுராணம். அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார், அதனால் சுவாமிக்குத் தலைவலி, அது தீர மூலிகைத் தைலம் காய்ச்சி அபிஷேகம் செய்கிறார்கள். ஆக, குற்றாலத்தில் சட்டப்படி உச்சந்தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளும் உரிமை இப்போது அவர் ஒருவருக்குத்தான்.

செண்பகாதேவிக்கு ஏறலாமா என்று விசாரித்தேன். வனத்துறை விடுவதில்லை, சித்ரா பௌர்ணமி மாதிரி திருவிழா நாளில்தான் என்றார்கள். காட்டுக்கு நல்லது. என் முழங்காலுக்கும் நல்லது; அது எனக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. குரங்குகள் மட்டும் கீழேயே இருந்தன. கவிராயர் குறவஞ்சியில் பாடிய குரங்குகள் மலையில் பழம் பறித்துக் காதல் செய்தவை. இவை காரின் கண்ணாடி இறங்கும் நேரத்தைக் கணக்கிடுகின்றன. என் பேரன் கையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்த ஒன்று, அதை ஓரமாகக் கிழித்த லாவகத்தைப் பார்த்தால் பல தலைமுறை அனுபவம் தெரிந்தது. முள்சீத்தாவும் ரம்புட்டானும் பக்கத்துக் கடையில் குவிந்து கிடந்தன. அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மருமகனின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். "எதுக்கு சார் இந்தக் கூட்டத்துல? ரிசார்ட்டுக்குப் போங்க. உள்ளேயே அருவி இருக்கு." உள்ளேயே அருவி! மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பி, சிமென்ட் பாறை கட்டி, அறை எடுத்தவர்களுக்கு மட்டும் விழ வைக்கிற அருவி. இந்த வியாபாரம் வளர்ந்து, கடைசியில் 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தலையிட்டு, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பும் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஜமீன்தார்களாவது அருவிப் பக்கத்தில் பங்களா கட்டினார்கள். அருவியை பங்களாவுக்குள் இழுத்துக் கொண்டுபோக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இருட்டியதும் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்றோம். அங்கே மட்டும் யாரும் விசில் அடிக்கவில்லை. இலையில் சால்னா தளும்பத் தளும்ப மகளும் மருமகனும் பேரனும் தின்றதைப் பார்த்தேன். எண்ணவில்லை. அருவியில் நின்ற நேரம் சொற்பம்தான், ஆனாலும் அந்தப் பசி அப்படியே வந்திருந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறிடத்தில். பெரியப்பா சொன்ன டி.கே.சி.யின் குற்றாலம் எதனால் உண்டாயிற்று? ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். குளித்துவிட்டு உட்கார்ந்து, கம்பன் பாட்டில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பேசினார்கள். பேரருவியில் தண்ணீர் இல்லையா, வரும்வரை இருந்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்குக் கம்பன் தெரியாது. ஆனால் அவருக்கும் இருக்கத் தெரிந்திருந்தது. ஒழுகுகிற கூரையின் கீழே இரண்டு நாள் வெறுமனே படுத்திருந்து, மூன்றாம் நாள் தண்ணீர் வந்ததும் பாயைச் சுருட்டிவிட்டு ஓடினார். நாங்கள் அருவிக்காகக் காத்துக்கிடந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே அருவி நமக்காகத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. ஆர்ச்சுக்கு மேல் வந்துவிட்டால் அது தன் கடமையில் தவறிவிட்டது என்று முணுமுணுக்கிறோம்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் பேரன் தன் தம்பியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "நாங்க போனப்ப செம ஃப்ளோடா. நீயெல்லாம் இனிமே போனா வேஸ்ட்." அவனுக்கு வயது ஒன்பது. நம் சீமைப் பிள்ளைதான், சந்தேகமில்லை.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள், ஆடி அமாவாசையை விடுங்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பமார்களுக்கு வழிவிடுங்கள். ஆனி ஆடியில் ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர்ந்து வியாழக்கிழமை வரைக்கும் இருங்கள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று எழுதுங்கள், வாத்தியாரும் வந்திருக்கக்கூடும். நிலவரம் வீடியோவைப் பார்க்காதீர்கள். தண்ணீர் இருந்தால் குளியுங்கள், இல்லையென்றால் தூங்குங்கள், சங்கு ஊதினால் வெளியே வந்துவிடுங்கள். உடை மட்டும் ஆளுக்கு இரண்டு செட் கூடுதலாக எடுத்துவையுங்கள். சாரல் நாளில் அங்கே எந்தத் துணியும் காயாது.